மீன் கொழுப்பும் அதன் காவற்பொருள்களும்

கேரள, கர்நாடகக் கரையோரங்களில் கிடைக்கும் மத்தி மீன், மழைக்காலத்தை அடுத்துக் கொழுப்பு மிகுந்து காணப்படும். சாளை எனவும் வழங்கும் இம்மீன் நெடுங்காலமாக எளிய மக்களின் உணவாக விளங்கி வருகிறது. இதனை உப்பிட்டு உலர்த்திச் சில வாரங்கள் வைத்தால் சதை மஞ்சளித்துக் காறல் நெடி வீசுகிறது. பாடுபட்டுப் பிடித்த மீன் இவ்வாறு வீணாவது ஏன்?

மீன் கொழுப்பில் ஐந்து அல்லது ஆறு இரட்டைப் பிணைப்புக்களைக் கொண்ட அமிலங்கள் உள்ளன. இவை காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் எளிதிற் கூடிப் பெராக்ஸைடுகளாகின்றன. பழுதுற்ற ஒரு மூலக்கூறு அடுத்ததையும் பழுதாக்குவதால் இச்செயல் சங்கிலிபோல் தொடர்கிறது. இரத்தத்திலுள்ள இரும்பும், ஒளியும், உப்பும் இதனை விரைவுபடுத்துகின்றன. பெராக்ஸைடுகள் சிதைந்து தோன்றும் ஆல்டிஹைடு போன்ற பொருள்களே காறல் நெடிக்குக் காரணம்.

உயிருள்ள மீனுக்கோ இயற்கையான காவல் உண்டு. உணவின் வழியே பெறும் வைட்டமின் ஈ, தனது ஹைட்ரஜனை ஈந்து சங்கிலியை அறுக்கிறது. குளூட்டதயோன் பெராக்ஸிடேஸ் என்னும் நொதி பெராக்ஸைடுகளைத் தீங்கற்றனவாக்குகிறது. இந்நொதியில் செலினியம் இன்றியமையாத உறுப்பு என்பது 1973-இல் தெளிவாயிற்று. இறாலிலும் நண்டிலும் அஸ்டாக்ஸாந்தின் என்னும் செந்நிறப் பொருள் உள்ளது. புரதத்துடன் பிணைந்திருக்கையில் இதன் செந்நிறம் மறைந்திருக்கும். வேகவைத்தால் புரதம் சிதைந்து சிவப்பு வெளிப்படும். இதுவும் ஆக்ஸிகரணத்தைத் தடுக்க வல்லது. இறால் பதனிடுமிடங்களில் கழிக்கப்படும் தலைகளிலிருந்தும் ஓடுகளிலிருந்தும் இதனைப் பிரித்தெடுக்க இயலும்.

மீன் இறந்தபின் இக்காவற்பொருள்கள் புதிதாகச் சேர்வதில்லை, இருப்பவையும் செலவாகிவிடுகின்றன. எனவே, பிடித்தவுடன் பனிக்கட்டியில் இடுதல், செவுளையும் குடலையும் நீக்கி இரத்தத்தைக் கழுவுதல், உறையவைத்த மீன்மீது மெல்லிய பனிப்படலம் பூசுதல், கருவாட்டைக் காற்றும் ஒளியும் புகாது வைத்தல் ஆகிய முறைகள் கையாளப்படுகின்றன. கொச்சியில் 1957-இல் தொடங்கப்பெற்ற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் மீனைப் பதனிட்டுக் காக்கும் முறைகளை ஆராய்ந்து வருகிறது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. சோதனைக் குழாயில் ஆக்ஸிகரணத்தைத் தடுக்கும் பொருள் யாவும் மனித உடலில் நோயைத் தடுக்கும் எனக் கொள்ளலாகாது. இவற்றை மருந்தெனக் கருதி மாத்திரைகளாக வாங்கி உண்பதற்கு முன் மருத்துவரைக் கேட்பது நலம். புரதமும், நற்கொழுப்பும், செலினியமும் ஒருங்கே அமைந்த புதிய மீனோ சிறந்த உணவு என்பதில் ஐயமில்லை. அதன் புதுமை கெடாமற் காப்பதே அதன் பயனைக் காப்பதாகும்.