திருகாணியின்றி நிற்கும் தூண்டில் கோல்

ஜப்பானிய மலையோடைகளில் டென்காரா என்னும் முறையில் மீன்பிடிப்போர் இன்று கையாளும் கோல், 3.6 மீட்டர் வரை நீண்டாலும், மடக்கினால் ஏறத்தாழ அரை மீட்டருக்குள் அடங்குவதற்குக் காரணம், நுனி நோக்கிச் சிறுத்துச் செல்லும் கரியிழைக் குழாய்கள் ஒன்றனுள் ஒன்று நுழையும்படி அமைந்திருப்பதே. உட்குழாயின் அடிப்பகுதி வெளிக்குழாயின் வாயைவிடச் சற்றே பருத்திருப்பதால், வெளியே இழுக்கும்போது அது ஆப்புப் போல இறுகி, உராய்வினாலேயே நிலைத்து நிற்கிறது. ஆயினும், மடக்கிய நீளம் குறையக் குறைய இணைப்புகள் பெருகுகின்றன; குழாய்கள் மேற்பொருந்தும் இடந்தோறும் சுவர் இரட்டித்து விறைப்பதால், கோலின் வளைவு சீர்கெடுகிறது. எனவே, இடநெருக்கடி உடையோரும் மடக்கினால் மிகக் குறுகும் கோலை நாடுவது நன்றன்று. நீட்டிய கோலின் நுனியை மெல்ல வளைக்கையில் வளைவு முறியாமல் ஓடுகிறதா, இணைப்புகள் ஆட்டமின்றி இறுகுகின்றனவா என்பவையே தரத்தைக் காட்டுவன. மணல் புகுந்தால் அவ்விறுக்கமும் நாளடைவில் தேயும்.