ஷெட்டில் ‘நார்மல்’, சிக்னலில் ‘ஹீட்’: கண்ணாமூச்சி ஆடும் காரைக் கண்டுபிடிப்பது எப்படி?

மாலை நெரிசலில் பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை ஜி.எஸ்.டி சாலையில் ஊர்ந்து போகும்போது காரின் டெம்பரேச்சர் முள் மேலே ஏறும். மறுநாள் மெக்கானிக் ஷெட்டில் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். ‘எதுக்கும் சென்சாரை மாத்திடலாம்’ என்று தொடங்கி தெர்மோஸ்டாட், ஃபேன், ரேடியேட்டர் என ஒவ்வொன்றாக மாற்றினால் பர்ஸ்தான் காலியாகும். வந்து வந்து போகும் கோளாறில், எது கெட்டது என்பதைவிட எப்போது கெடுகிறது என்பதுதான் முதல் கேள்வி.

நின்றால் சூடா, ஓடினால் சூடா?

சிக்னலில் நிற்கும்போது சூடேறி, வேகமெடுத்ததும் இறங்கினால், ரேடியேட்டர் ஃபேனைச் சந்தேகியுங்கள். ஓடும்போது எதிர்க்காற்று செய்யும் வேலையை, நிற்கும்போது ஃபேன்தான் செய்ய வேண்டும். மோட்டார், ஃபியூஸ், ரிலே, கனெக்டர் ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி போட்டதும் இந்த ஃபேன் சுற்றும். சிக்னலில் மட்டும் ஏசி குளிராவிட்டால், அது இன்னொரு சாட்சி.

நெரிசலில் ஒழுங்காக இருந்து, மதுரவாயல் பைபாஸில் வேகமாகப் போகும்போது சூடேறுகிறதா? ரேடியேட்டர் அடைப்பு, முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த வாட்டர் பம்ப், குறைந்த கூலன்ட் என்று பட்டியல் மாறும். போர் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறதல்லவா? அதையே ஊற்றினால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் உப்பு படியும். கார் நிறுவனம் பரிந்துரைக்கும் கூலன்ட்டை மட்டும் பயன்படுத்துங்கள்.

முள் துள்ளினால்...

லிட்டர் கணக்கில் இருக்கும் கூலன்ட் ஒரு நொடியில் கொதித்து, அடுத்த நொடியில் ஆறாது. முள் சட்டென்று ஏறி இறங்கினால், முதலில் பார்க்க வேண்டியது சென்சாரின் வயரையும் கனெக்டரையும்தான். சூடு ஏற ஏற இந்த சென்சாரின் மின்தடை குறையும். பல கார்களில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம் இருப்பது, 80 டிகிரியில் சுமார் 300 ஓம் ஆகிவிடும். வயர் அறுந்தால் கம்ப்யூட்டர் அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்ளும். ஸ்கேனரில் மைனஸ் 40 டிகிரி என்று காட்டும், அதுவும் தாம்பரத்து வெயிலில்! அப்போது பாதுகாப்புக்காக ஃபேனை விடாமல் ஓடவிடும் கார்களும் உண்டு.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் புறநகரைப் புரட்டிப்போட்டது. வெள்ளத்தில் நின்ற கார்களின் கனெக்டர்களில் பச்சையாகத் துரு பூத்து, மாதங்கள் கழித்துக்கூடத் தொந்தரவு தரும். பல நேரம் சுத்தம் செய்தாலே போதும். புது சென்சார் தேவைப்படாது.

முள் இறங்குவதெல்லாம் நல்ல செய்தியும் அல்ல. கூலன்ட் கசிந்து தீர்ந்தால், சென்சார் வெறும் காற்றில் நின்று குறைந்த சூட்டைக் காட்டலாம். உள்ளே இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்.

சாட்சி சேகரியுங்கள்

கோளாறு வரும்போது, பக்கத்தில் இருப்பவரை டாஷ்போர்டை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். வேகம் எவ்வளவு, ஏசி ஓடியதா, மழை பெய்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்வதற்கு முன் பேட்டரியைக் கழற்ற விடாதீர்கள். கம்ப்யூட்டர் பதிந்து வைத்த பிழைக் குறியீடுகள் அழிந்துவிடலாம்.

சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். ‘வீடு பக்கத்துலதானே’ என்று ஓட்டினால் ஹெட் வளைந்து, கேஸ்கட் போய், சிறிய செலவு பெரிய செலவாகிவிடும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அந்த மூடிதான் அழுத்தத்தைப் பிடித்துவைத்து, 100 டிகிரியைத் தாண்டியும் கூலன்ட்டைக் கொதிக்காமல் வைத்திருக்கிறது. திறந்த நொடியில் அது கொதித்து முகத்தில் பீறிடும். இன்ஜின் நன்றாக ஆறட்டும். கூலன்ட் அளவை அதன்பிறகு பார்க்கலாம்.