ஸ்டார் சார்ட்: எதற்கு ஒட்டலாம், எப்போது எடுக்கலாம்?

ராத்திரி பல் தேய்க்க வைப்பதற்குள் வீடே ரெண்டுபடுகிறதா? இப்படித் தினமும் நடக்கும் மல்லுக்கட்டுக்குக் கைகொடுப்பது ஸ்டார் சார்ட். சொன்ன வேலையைச் செய்தால் ஒரு ஸ்டிக்கர். சில ஸ்டிக்கர்கள் சேர்ந்தால் ஒரு சின்னப் பரிசு. சுமார் 3 முதல் 8 வயதுவரை இது நன்றாக எடுபடும். அதைவிடச் சின்னக் குழந்தைக்கு, இன்று ஒட்டும் ஸ்டிக்கருக்கும் ஞாயிற்றுக்கிழமை வரப்போகும் பரிசுக்கும் என்ன சம்பந்தம் என்று பிடிபடாது.

ஒரு காரியத்தைச் செய்தவுடன் நல்ல பலன் கிடைத்தால், அதை மறுபடி செய்யத் தோன்றும். அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1930களில் எலிகளை வைத்துச் சோதித்துக் காட்டிய விஷயம் இது. அதனால் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்த உடனே ஸ்டிக்கரைக் குழந்தையிடமே கொடுத்து ஒட்டச் சொல்லுங்கள். "அப்பா வரட்டும், அப்புறம் ஒட்டலாம்" என்று தள்ளிப்போட்டால் பாதி பலன் போய்விடும்.

எப்படித் தொடங்குவது?

சார்ட்டில் "சமத்தாக இருக்கணும்" என்று எழுதினால், என்ன செய்தால் சமத்து என்று நாலு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. "சாப்பிட்ட பிறகு பல் தேய்க்கணும்" என்றால் தெரியும். படிக்கத் தெரியாத பிள்ளை என்றால் ஒரு பிரஷ் படம் வரைந்துவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பழக்கம் போதும், மிஞ்சினால் இரண்டு.

முதல் பரிசு சீக்கிரம் கைக்கு வர வேண்டும். முதலில் 3 ஸ்டிக்கருக்கு ஒரு பரிசு, பிறகு 5, அப்புறம் 7 என்று ஏற்றலாம். இடையில் ஒருநாள் விட்டுப்போனாலும் கணக்கு தொடரட்டும். பரிசுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். கூடுதலாக ஒரு கதை, பூங்காவில் ஒரு மாலை, ஞாயிறு டிபன் என்ன என்று தீர்மானிக்கும் உரிமை போன்றவையே போதும். ஸ்டிக்கர் ஒட்டும்போது, "நான் கூப்பிடாமலே நீயே பிரஷ்ஷை எடுத்துட்டியே!" என்று செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

ஒட்டியதைப் பிய்க்காதீர்கள். சாயங்காலம் தங்கையை அடித்ததற்காக, காலையில் வாங்கிய ஸ்டாரைப் பறித்தால், இனி எதற்குச் சிரமப்பட வேண்டும் என்றுதான் பிள்ளைக்குத் தோன்றும். கடையில் புரண்டு அழும்போது சாக்லேட் வாங்கித் தருவதையும் ஸ்டார் சார்ட் பரிசோடு சேர்க்காதீர்கள்; அது அடத்துக்குக் கிடைத்த பரிசு.

எதற்கு வேண்டாம்?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிங் மழலையர் பள்ளியில், படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளை வைத்து மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் நடத்திய ஆய்வு 1973இல் வெளியானது. வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் உண்டு என்று ஒரு பிரிவிடம் முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றுமில்லை. பிறகு வகுப்பில் அவரவர் விருப்பத்துக்கு விளையாட விட்டபோது, பரிசுக்காக வரைந்தவர்கள் மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட பாதி நேரமே வரைந்தார்கள்.

ஆகவே பிள்ளை தானாக ஆசைப்பட்டுச் செய்வதற்கு ஸ்டார் வைக்காதீர்கள். கதைப் புத்தகமும் கையுமாக இருக்கும் பிள்ளைக்கு வாசிப்புச் சார்ட் எதற்கு?

பிள்ளையின் கட்டுப்பாட்டில் இல்லாததற்கும் வைக்கக்கூடாது. படுக்கையை நனைப்பது தூக்கத்தில் நடப்பது. நனைக்காத இரவுக்கு ஸ்டார் கொடுத்தால், நனைத்த இரவு குற்றமாகிவிடும். படுக்கும் முன் பாத்ரூம் போய் வந்ததற்குக் கொடுக்கலாம். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2010இல் வெளியிட்ட மருத்துவ வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது.

எப்போது எடுப்பது?

இரண்டு வாரமாகியும் கட்டங்கள் காலியாகவே இருந்தால் வேலையை இன்னும் சின்னதாக்குங்கள், அல்லது பரிசை மாற்றுங்கள். நினைவூட்டாமலே பல் தேய்க்க ஆரம்பித்துவிட்டால், தினமும் ஒட்டியதை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கி, மெல்ல நிறுத்திவிடலாம். பெரும்பாலும் சில வாரங்களில் பிள்ளையே அதைக் கேட்பதை விட்டுவிடும். பாராட்டை மட்டும் நிறுத்த வேண்டாம்.