தாய்ப்பலகையை மாற்றிய பின் கணினி முடங்குவது ஏன்?

கணினி வன்பொருள் என்னும் அலகில் தாய்ப்பலகை பற்றி வரும் வினாக்கள் பெரும்பாலும் துறைகளைப் பெயரிடுவதுடன் முடிந்துவிடுகின்றன. எனினும் வன்பொருளும் பணிசெயல் முறைமையும் ஒன்றில் ஒன்று தங்கியிருக்கும் விதத்தை விளங்கிக்கொள்வதற்குத் தாய்ப்பலகை மாற்றப்பட்ட கணினியை விடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. பின்வரும் சந்தர்ப்பத்தைக் கருதுக.

மாணவி ஒருத்தியின் வீட்டிலுள்ள கணினி 2012 ஆம் ஆண்டளவில் விண்டோஸ் 7 உடன் வாங்கப்பட்டது. பின்னர் அது விண்டோஸ் 10 இற்கு மாற்றப்பட்டது. விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவடைந்தது. விண்டோஸ் 11 ஐ நிறுவுவதற்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறும், இன்டெல் வகையாயின் பொதுவாக 8 ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய மத்திய செயற்பாட்டு அலகும் தேவை. பழைய தாய்ப்பலகையில் இவை இல்லை. எனவே அவளது அண்ணா, பாவித்த தாய்ப்பலகை ஒன்றை அதற்குரிய செயற்பாட்டு அலகு, நினைவகம் என்பவற்றுடன் வாங்கி வந்து பொருத்தினார். வன்தட்டும் மின்வழங்கியும் பழையவையே.

ஆளியைப் போட்டதும் "தொடங்குவதற்குரிய சாதனம் இல்லை" என்ற கருத்துடைய செய்தி திரையில் தோன்றியது. தொலைபேசியில் விசாரித்தபோது, "போர்மட் பண்ணிப் புதிதாக விண்டோஸ் போடவேண்டும்" என்று கடைக்காரர் கூறினார். அந்த வன்தட்டில் அவளது செயற்றிட்ட அறிக்கைகளும் பல ஆண்டுக் குடும்பப் படங்களும் உள்ளன. வேறெங்கும் பிரதி இல்லை. அவள் என்ன செய்யவேண்டும்?

முதலில் வன்தட்டைப் பாதுகாத்தல் வேண்டும். போர்மட் செய்தல் ஒரு பரிகாரமே. ஆனால் அது கடைசிப் பரிகாரம். வன்தட்டைக் கழற்றி யூஎஸ்பி இணைப்பியின் மூலம் வேறொரு கணினியில் தொடுத்துக் கோப்புகளைப் பிரதி செய்துகொள்ளலாம். அல்லது உபுண்டு போன்ற லினக்ஸ் முறைமையைப் பென் டிரைவில் ஏற்றி, வன்தட்டில் எதையும் நிறுவாது அதிலிருந்தே கணினியைத் தொடக்கிப் பிரதி எடுக்கலாம். இரண்டாவது வழியில் மேலதிக இலாபம் ஒன்றுண்டு. லினக்ஸின் கருவில் பெரும்பாலான சாதனங்களுக்குரிய செலுத்திகள் ஏற்கெனவே உள்ளன. அது ஒவ்வொரு தடவையும் தொடங்கும்போது என்ன வன்பொருள் இருக்கின்றது என்பதைப் புதிதாகத் தேடிக்கொள்கின்றது. ஆகவே புதிய பலகையில் உபுண்டு ஒரு மணி நேரம் குழப்பமின்றி இயங்கினால் பலகையும் நினைவகமும் அனேகமாக நல்ல நிலையில் உள்ளன, பிழை விண்டோஸின் பக்கம் என்று கொள்ளலாம். உபுண்டுவும் முடங்கினால் விண்டோஸை எத்தனை தடவை நிறுவினாலும் பயனில்லை.

செலுத்தி என்றால் என்ன?

கடைகளில் டிரைவர் என்று கூறப்படும் சாதனச் செலுத்தி என்பது பணிசெயல் முறைமைக்கும் ஒரு குறித்த வன்பொருளுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் போன்று தொழிற்படும் மென்பொருளாகும். தாய்ப்பலகை என்பது தனியொரு சாதனம் அன்று. வன்தட்டுக் கட்டுப்படுத்தி, வலையமைப்பு, ஒலி, யூஎஸ்பி எனப் பல சாதனங்கள் அதில் பதிக்கப்பட்டுள்ளன. பலகையை மாற்றும்போது இவை அனைத்தும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. ஆனால் பழைய வன்தட்டிலுள்ள விண்டோஸ் பழைய பலகையின் விபரத்தையே தன்னிடம் எழுதி வைத்துள்ளது.

எந்தக் கட்டத்தில் நின்றது?

கணினி தொடங்குவதை மூன்று கட்டங்களாக நோக்கலாம். முதலில் தாய்ப்பலகையிலுள்ள நிலைபொருள், அதாவது பயோஸ் அல்லது அதன் பிந்திய வடிவமாகிய யூஈஎஃப்ஐ, வன்பொருளைச் சோதிக்கின்றது. அடுத்து வன்தட்டிலிருந்து பணிசெயல் முறைமை நினைவகத்துக்கு ஏற்றப்படுகின்றது. மூன்றாவதாக ஏனைய செலுத்திகள் ஏற்றப்பட்டு மேசைத்தளம் தோன்றுகின்றது. இங்கு மாணவர்கள் மனதிற்கொள்ள வேண்டிய விதி: செலுத்தி ஏற்றப்படுவதற்கு முன்னர் நிகழும் கோளாறுக்குச் செலுத்தி காரணமாக இருக்க முடியாது.

திரையே வராது விசிறி மட்டும் சுழன்றால் அது முதலாம் கட்டம். செயற்பாட்டு அலகுக்கு மின்வழங்கும் தனி வடம் செருகப்படாமை, நினைவகத் தட்டு சரியாக அமராமை என்பன வழமையான காரணங்கள். மின்னைத் துண்டித்துவிட்டு இவற்றைச் சரிபார்த்தல் வேண்டும்.

எமது மாணவியின் கணினியில் திரை வந்தது. சாதனம் இல்லை என்ற செய்தியே தோன்றியது. விண்டோஸ் இன்னும் ஏற்றப்படவில்லை. ஆகவே இதுவும் செலுத்திப் பிரச்சினை அன்று. விண்டோஸ் 7 காலத்துக் கணினிகள் பலவற்றில் வன்தட்டு எம்பிஆர் என்னும் பழைய பிரிப்பு முறையில், பயோஸ் வழியாகத் தொடங்குமாறு அமைக்கப்பட்டது. புதிய பலகைகள் யூஈஎஃப்ஐ வழியாக, ஜிபிடி முறையில் பிரிக்கப்பட்ட தட்டையே எதிர்பார்க்கின்றன. பலகையின் அமைப்புத் திரையில் சிஎஸ்எம் எனப்படும் பழைமைக்கு இயைந்த வசதியைச் செயற்படுத்தினால் பழைய தட்டு தொடங்கும். மிகப் புதிய பலகைகள் சிலவற்றில் இவ்வசதி இல்லை. விண்டோஸ் 11 இற்கு யூஈஎஃப்ஐ அவசியமாகையால், பிரதி எடுத்த பின்னர் எம்பிஆர்2ஜிபிடி என்னும் கருவியினால் தட்டை மாற்றிக்கொள்ளலாம். கோப்புகளை அழிக்காது மாற்றும் இக்கருவி 2017 ஆம் ஆண்டிலிருந்து விண்டோஸ் 10 உடனேயே வருகின்றது.

சிஎஸ்எம் ஐச் செயற்படுத்தியதும் விண்டோஸ் சின்னம் தோன்றி, வட்டம் சுழன்று, நீலத்திரையில் தொடக்கச் சாதனத்தை அணுக முடியவில்லை என்று காட்டிக் கணினி மீளத் தொடங்கியது. இது 7பி என்று முடியும் குறியீட்டைக் கொண்ட புகழ்பெற்ற வழுவாகும். (விண்டோஸ் 11 இல் 2025 ஆம் ஆண்டு முதல் இத்திரை கறுப்பாக மாற்றப்பட்டுள்ளது. பொருள் அதுவே.) இங்கேதான் செலுத்தி குறுக்கிடுகின்றது. வன்தட்டை வாசிப்பதற்கு அதன் கட்டுப்படுத்திக்குரிய செலுத்தி தேவை; அச்செலுத்தியோ வன்தட்டிலேயே உள்ளது. பெட்டியின் திறப்பு பெட்டிக்குள் அகப்பட்டது போன்ற நிலை இது. இதனைத் தவிர்ப்பதற்காகவே விண்டோஸ் தொடக்கத்துக்கு வேண்டிய சில செலுத்திகளை மட்டும் முதலிலேயே ஏற்றுகின்றது. அந்தச் சிலவற்றுள் புதிய கட்டுப்படுத்திக்குரியது இல்லாவிடின் விண்டோஸ் தான் நிற்கும் தட்டையே காணாது போகின்றது. 2001 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி இதில் மிகவும் கண்டிப்பானது. சாட்டா வகைத் தட்டில் அதனை நிறுவும்போது எஃப் 6 சாவியை அழுத்தி, நெகிழ்தட்டிலிருந்து செலுத்தியைக் கொடுக்கவேண்டிய சந்தர்ப்பங்களும் இருந்தன. விண்டோஸ் 10 உம் 11 உம் பெரும்பாலும் தாமாகவே சமாளித்துக்கொள்கின்றன.

அவ்வாறாயின் இங்கு ஏன் சமாளிக்கவில்லை? பாவித்த பலகையின் முன்னைய உரிமையாளர் சாட்டா அமைப்பை ரெய்ட் நிலையில் விட்டிருந்தார். பழைய பலகையில் அது ஏஎச்சிஐ நிலையில் இருந்தது. புதிய பலகையிலும் ஏஎச்சிஐ எனத் தெரிவுசெய்ததும் விண்டோஸ் தொடங்கிவிட்டது. பாவித்த பலகையை வாங்குவோர் அதன் அமைப்புகளை முதலில் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவருதல் நன்று. ஆனால் ஆரம்ப நிலையே எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதில்லை. சில பலகைகளின் ஆரம்ப நிலையே ரெய்ட் ஆகும். நிலையை மாற்றியும் தொடங்காவிடின் பாதுகாப்பு நிலையில் ஒரு தடவை தொடக்கிப் பார்க்கலாம். அந்நிலையில் விண்டோஸ் கூடுதலான அடிப்படைச் செலுத்திகளை முயன்று பார்க்கும். தொடங்குதல் தொடர்ந்து சில தடவை தோல்வியுற்றால் மீட்புத் திரை தானாகவே தோன்றும். பாதுகாப்பு நிலைக்கு அதனூடாகச் செல்லலாம்.

மேசைத்தளம் வந்த பின்

இப்போது எழுத்துகள் பெரிதாகத் தோன்றுகின்றன, ஒலி இல்லை, இணையம் இல்லை. சாதன முகாமையாளரைத் திறந்தால் மஞ்சள் அடையாளங்கள் காணப்படும். ஒவ்வொன்றின் இயல்புகளிலும் ஒரு குறியீட்டு எண் உண்டு. 28 எனில் செலுத்தி நிறுவப்படவில்லை. 10 எனில் சாதனத்தைத் தொடக்க முடியவில்லை. 43 எனில் சாதனம் தானே பிரச்சினையை அறிவித்ததனால் நிறுத்தப்பட்டுள்ளது.

பெயர் அறியப்படாத சாதனமாயின் அதன் வன்பொருள் அடையாளத்தைப் பார்க்கவேண்டும். அதிலுள்ள நான்கு இடக் குறியீடு உற்பத்தியாளரைக் குறிக்கும். 8086 எனில் இன்டெல், 1022 எனில் ஏஎம்டி. (1978 இல் இன்டெல் வெளியிட்ட புகழ்பெற்ற நுண்செயலியின் எண்ணும் 8086 என்பதைக் கவனிக்க.)

செலுத்தியை இணையத்திலிருந்து பெறவேண்டும். இணையத்துக்கு வலையமைப்புச் செலுத்தி வேண்டும். மீண்டும் பெட்டியும் திறப்பும்! வேறொரு கணினியில் தாய்ப்பலகை உற்பத்தியாளரின் தளத்திலிருந்து அச்செலுத்தியை இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவருதல் வேண்டும். பல சந்தர்ப்பங்களில் அன்ட்ரொயிட் தொலைபேசியை யூஎஸ்பி வடத்தால் தொடுத்து இணையத்தைப் பகிர்வதும் கைகொடுக்கும். எல்லாச் செலுத்திகளையும் ஒரே அழுத்தலில் தருவதாகக் கூறும் அறிமுகமற்ற மென்பொருள்களை நாடவேண்டாம். அவை பொருந்தாத செலுத்தியையும் வேண்டாத மென்பொருளையும் சேர்த்தே கொண்டுவருவதுண்டு.

எல்லாம் நிறுவிய பின்னரும் இடையிடையே முடங்கினால், முடங்கும் விதத்தை எழுதி வையுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே வழுவும் ஒரே கோப்பின் பெயரும் வருமாயின் அக்கோப்புக்குரிய செலுத்தியைச் சந்தேகிக்கலாம். வழு தடவைக்குத் தடவை மாறுபடுமாயின் நினைவகத்தைச் சந்தேகிக்கவேண்டும்; தட்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திச் சோதிப்பதுடன், நினைவகம் எக்ஸ்எம்பி வேகத்தில் இயங்குமாறு அமைக்கப்பட்டிருந்தால் அதனை நிறுத்திப் பார்க்கவேண்டும். எந்தச் செய்தியும் இன்றி, விளையாட்டின் நடுவே மின் துண்டிக்கப்பட்டது போல் அணைந்தால் மின்வழங்கியையோ வெப்பத்தையோ பாருங்கள். எமது மாணவியின் பழைய மின்வழங்கியும் இச்சந்தேகத்துக்கு உரியதே.

பலகையைக் கழற்றுமுன் செய்யவேண்டியவை இரண்டு. வன்தட்டு பிட்லொக்கரால் மறைகுறியாக்கப்பட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வைத்தல் வேண்டும். தட்டைத் திறக்கும் இரகசியம் பழைய பலகையின் டிபிஎம் இல் தங்கியிருப்பதால், புதிய பலகையில் அச்சாவி கேட்கப்படும். அது இல்லாவிடின் தட்டிலுள்ள எதையும் மீட்க இயலாது. மற்றையது, விண்டோஸ் உரிமத்தை மைக்ரோசொப்ட் கணக்குடன் இணைத்து வைத்தல். கணினியுடன் சேர்ந்து வந்த உரிமங்கள் பொதுவாகப் பழைய பலகையுடனேயே கட்டுப்பட்டவை என்பதையும் அறிந்திருங்கள்.

பயிற்சி வினா

தாய்ப்பலகை மாற்றப்பட்ட கணினி ஒன்று விண்டோஸ் சின்னம் தோன்றிய பின் நீலத்திரையுடன் மீளத் தொடங்குகின்றது. அதே கணினி பென் டிரைவிலுள்ள லினக்ஸில் நன்கு இயங்குகின்றது.
(அ) நினைவகம் பழுதடைந்திருப்பதற்கான வாய்ப்பு குறைவு எனக் கூறுவதற்குக் காரணம் தருக.
(ஆ) கோளாறுக்கான காரணம் ஒன்றையும், தரவு இழப்பின்றி அதனை நீக்கும் வழி ஒன்றையும் குறிப்பிடுக.

விடை

(அ) லினக்ஸும் அதே நினைவகத்தைப் பயன்படுத்தியே இயங்குகின்றது. நினைவகம் பழுதெனில் அதுவும் முடங்கியிருக்க வேண்டும்.
(ஆ) புதிய வன்தட்டுக் கட்டுப்படுத்திக்குரிய செலுத்தி விண்டோஸின் தொடக்கச் செலுத்திகளுள் இல்லாமை. நிலைபொருள் அமைப்பில் சாட்டா நிலையைப் பழைய பலகையில் இருந்தவாறு மாற்றுதல், அல்லது பாதுகாப்பு நிலையில் தொடக்குதல். "வன்தட்டைப் போர்மட் செய்தல்" என்பது இங்கு ஏற்கத்தக்க விடையன்று. வினாவில் "தரவு இழப்பின்றி" என்ற நிபந்தனை உண்டு.