பழைய கணனி எழும்ப மறுத்தால்: முதலில் உள்ளிருப்பதைக் காப்போம்

கமக்காரர் அமைப்பு, கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், சனசமூக நிலையம் என்று பல இடங்களில் இன்று ஒரு பழைய கணனி மேசையில் இருக்கிறது. பெரும்பாலும் யாரோ பாவித்து முடித்துக் கொடுத்த கணனிதான். ஆயினும் அங்கத்தவர் பட்டியல், சுழற்சிக் கடன் கணக்கு, கூட்ட அறிக்கைகள், காணி உறுதிகளின் படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. நாளடைவில் அது மெதுவாகிறது. 'புதிதாக விண்டோஸ் போட்டால் சரியாகிவிடும்' என்று ஒருவர் சொல்ல, வேலை தொடங்குகிறது. பாதியில் நின்றுவிடுகிறது. இப்போது பழைய விண்டோஸும் இல்லை, புதியதும் இல்லை. திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் நிற்கிறது.

இந்த இடத்தில்தான் பலர் தவறான முடிவை எடுக்கிறார்கள். 'எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து செய்வோம்' என்கிறார்கள். கணனி அதனால் எழும்பக்கூடும். ஆனால் உள்ளே இருந்தவை போய்விடும். இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. உடுத்த உடையோடு ஓடிய வேளையிலும் பொலித்தீன் பையில் சுற்றி நாம் எடுத்துச் சென்றவை உறுதியும் பிறப்புப் பத்திரமும்தான். அவற்றைத் தவறவிட்டவர்கள் பிரதி எடுக்க எத்தனை அலுவலகப் படிகள் ஏறினார்கள் என்பதும் நாம் அறிந்ததே. கணனியைத் திருத்தலாம், மாற்றலாம். அதற்குள் இருக்கும் ஏடுகளுக்கு மாற்று இல்லை.

எது போனது, எது இருக்கிறது?

கணனிக்குள் இரண்டு வகைப் பொருள்கள் உள்ளன. ஒன்று இயங்குதளம். விண்டோஸ், லினக்ஸ் என்பவை இந்த வகை. மற்றது நாம் எழுதிய கடிதம், கணக்கு, எடுத்த படம் ஆகிய கோப்புகள். இரண்டும் ஒரே வன்தட்டில் இருந்தாலும் இயங்குதளம் கெட்டால் கோப்புகளும் கெட்டுவிட்டன என்று அர்த்தமில்லை. களஞ்சியத்தின் கதவு இறுகிவிட்டால் உள்ளே இருக்கும் நெல் பழுதாகிவிடாது அல்லவா?

நிறுவலின்போது ஃபோர்மட் செய்யாமலும், வன்தட்டின் பகுதிகளை அழிக்காமலும் விட்டிருந்தால் பழைய கோப்புகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும், அல்லது 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற கோப்புறைக்குள் நகர்த்தப்பட்டிருக்கும். விரைவு ஃபோர்மட் செய்திருந்தாலும் நம்பிக்கை முற்றாகப் போகவில்லை. விரைவு ஃபோர்மட் பெயர்ப்பட்டியலைத்தான் வெறுமையாக்குகிறது. எழுதப்பட்டவை புதியவற்றால் மூடப்படும் வரை கிடக்கும். சாதாரண வன்தட்டுகளில் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்களால் இவற்றில் ஒரு பகுதியையாவது மீட்க வாய்ப்புண்டு. ஆனால் ஒவ்வொரு புதிய நிறுவல் முயற்சியும் அந்தத் தட்டின் மேல் மீண்டும் எழுதுகிறது. எனவே முதல் விதி: மீண்டும் மீண்டும் முயலவேண்டாம், நிறுத்துங்கள்.

முதல் வேலை: பிரதி எடுத்தல்

விண்டோஸ் இல்லாமலே கணனியைத் திறந்து கோப்புகளைப் பிரதி எடுக்கலாம். லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை வேறொரு கணனியில் ஒரு பென்ரைவில் எழுதி, அதிலிருந்தே நமது கணனியை இயக்கலாம். வன்தட்டில் எதுவும் எழுதப்படாது. திரையில் 'நிறுவு' என்ற பொருளில் ஒரு படம் இருக்கும். அதை மட்டும் தொடவேண்டாம்.

பின்னர் வன்தட்டைத் திறந்து, 'யூசர்ஸ்' என்ற கோப்புறைக்குள் பாவனையாளர் பெயரில் உள்ளவற்றை வேறொரு வன்தட்டுக்கோ பெரிய பென்ரைவுக்கோ மாற்றுங்கள். விண்டோஸ் எக்ஸ்பி கணனியானால் 'டொக்கியுமென்ட்ஸ் அன்ட் செட்டிங்ஸ்' என்ற கோப்புறையில் தேடவேண்டும். கணக்கு மென்பொருள்கள் தமது பதிவுகளை வேறிடத்தில் வைப்பதுண்டு. ஆகவே இடமிருந்தால் எல்லாவற்றையும் பிரதி எடுப்பதே நல்லது. பிரதி எடுத்த பின் சில கோப்புகளை வேறொரு கணனியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி, முளைக்குமா என்று பார்க்காத விதைநெல் போன்றது.

ஓர் எச்சரிக்கை: வன்தட்டிலிருந்து 'டிக், டிக்' என்ற தட்டும் சத்தம் கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். அது இயந்திரக் கோளாறு. ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் சேதத்தைக் கூட்டலாம். அத்தகைய தட்டைத் தரவு மீட்பில் அனுபவமுள்ளவரிடம் மட்டும் கொடுக்கவேண்டும்.

காரணத்தை ஒழுங்காகத் தேடுவோம்

நீரிறைக்கும் இயந்திரம் இயங்காவிட்டால் அதை முழுவதும் கழற்றிப்போடுவதில்லை. எண்ணெய் இருக்கிறதா, பிளக்கில் பொறி வருகிறதா, உறிஞ்சும் குழாயில் காற்று நுழைகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். கணனிக்கும் அதுவே முறை. ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். திரையில் வரும் வரியையும் குறியீட்டையும் அப்படியே தாளில் எழுதுங்கள், அல்லது கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். வேலை எந்த இடத்தில் நின்றது என்பதே காரணத்தைக் காட்டும்.

*பென்ரைவிலிருந்து தொடங்கவே இல்லையா?* கணனியை இயக்கியவுடன் தொடக்கப் பட்டியலை வரவழைக்கவேண்டும். டெல், லெனோவோ கணனிகள் பலவற்றில் எஃப் 12 விசையும், எச்பி கணனிகள் பலவற்றில் எஃப் 9 விசையும் இதற்குரியவை. பட்டியலில் பென்ரைவைத் தெரிவு செய்யுங்கள். அங்கே பென்ரைவின் பெயரே தெரியாவிட்டால் வேறொரு யூ.எஸ்.பி. துளையில் செருகிப் பாருங்கள். பழைய கணனியில் பின்பக்கத் துளைகள் கூடுதலாக நம்பத்தக்கவை. நிறுவற் கோப்பை வெறுமனே பென்ரைவில் பிரதி செய்தால் அது இயங்காது. ரூஃபஸ் போன்ற மென்பொருளால் முறைப்படி எழுதவேண்டும். விண்டோஸுக்குக் குறைந்தது 8 ஜிபி பென்ரைவ் தேவை. எழுதும்போது பென்ரைவில் ஏற்கெனவே இருந்தவை அழிந்துவிடும் என்பதையும் மறக்கவேண்டாம்.

*திகதி பல வருடங்கள் பின்னோக்கிப் போய்விட்டதா?* தாய்ப்பலகையில் சீ.ஆர். 2032 என்ற நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலம் ஒன்று உண்டு. அது தளர்ந்துவிட்டால் மின்சாரம் நிற்கும் போதெல்லாம் கடிகாரமும் அமைப்புகளும் தொடக்க நிலைக்குத் திரும்பலாம். திகதி பிழைத்தால் இணையத்தளங்கள் திறக்க மறுக்கும். வன்தட்டோடு பேசும் முறை மாறினால், நன்றாக இருந்த விண்டோஸ்கூட நீலத்திரை காட்டி நின்றுவிடலாம். மணிக்கூட்டுக் கடையில் வாங்கக்கூடிய சிறிய மின்கலம் ஒன்று முழுக் கணனியையும் கெட்டுப்போனதுபோற் காட்டிவிடும்.

*'இந்தத் தட்டில் நிறுவ முடியாது' என்கிறதா?* வன்தட்டைப் பகுதி பிரித்து எழுதும் முறைகள் இரண்டு. பழையது எம்.பி.ஆர்., புதியது ஜி.பி.டி. கணனி தொடங்கும் முறைகளும் இரண்டு: பழைய பயோஸ், புதிய யூ.ஈ.எஃப்.ஐ. பழையதும் புதியதும் குறுக்கே கலந்தால் விண்டோஸ் மறுக்கும். இதற்கு 'தட்டைத் துடைத்துவிடு' என்று பலரும் வழி சொல்வார்கள். அது வேலை செய்யும். ஆனால் தட்டில் உள்ள அனைத்தையும் இழப்பீர்கள். அதற்கு முன் எளிய வழி ஒன்றுண்டு. தொடக்கப் பட்டியலில் அதே பென்ரைவ் இரு தடவை தோன்றுகிறதா என்று பாருங்கள். ஒன்றின் முன்னால் யூ.ஈ.எஃப்.ஐ. என்று இருக்கும், மற்றதில் இராது. எம்.பி.ஆர். தட்டுக்கு அந்தச் சொல் இல்லாததையும், ஜி.பி.டி. தட்டுக்கு அந்தச் சொல் உள்ளதையும் தெரிவு செய்து தொடங்குங்கள்.

*பாதி வழியில் நிற்கிறதா?* ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் பென்ரைவில் எழுதியது பழுதாக இருக்கலாம். வேறொரு பென்ரைவில் புதிதாக எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் நினைவகத்தைச் சந்தேகியுங்கள். மின்சார வயரைக் கழற்றி, மின்விசையைச் சில விநாடிகள் அழுத்தி, பெட்டியின் உலோகத்தைத் தொட்ட பிறகு நினைவகத் தகட்டை எடுங்கள். அதன் பொன்னிற விளிம்பை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியை நீக்கி மீண்டும் செருகுங்கள். இரண்டு தகடுகள் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு முயலுங்கள். மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளை ஒரு முழுச் சுற்று ஓடவிட்டால், பழுதான தகடு பெரும்பாலும் சிவப்பு வரிகளால் தன்னைக் காட்டிக்கொடுக்கும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கவேண்டாம். வயரைக் கழற்றிய பின்னும் அதற்குள் ஆபத்தான மின்னேற்றம் இருக்கும்.

மின்வெட்டும் ஒரு காரணமே. நிறுவலின் நடுவில் மின்சாரம் போனால் வேலை குறையாகிவிடும். மடிக்கணனியானால் மின்கலத்தை முழுதாக ஏற்றிவிட்டுத் தொடங்குங்கள். மேசைக் கணனியானால் இடிமின்னல் அற்ற, மின்சாரம் நிலையாக உள்ள நேரத்தைத் தெரிவு செய்யுங்கள்.

*முடிந்ததுபோற் காட்டி, மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறதா?* இது கோளாறே அல்ல. கணனி தானாக அணைந்து எழும்பும்போது பென்ரைவ் இன்னும் செருகியிருப்பதால், மறுபடியும் அதிலிருந்தே தொடங்குகிறது. முதல் தடவை அணையும் வேளையில் பென்ரைவைக் கழற்றிவிடுங்கள்.

எந்த இயங்குதளம் பொருந்தும்?

தவறான இயங்குதளத்தைத் தெரிவு செய்வதாலும் நிறுவல் தோற்கும். விண்டோஸ் 7இற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியில் நின்றன. விண்டோஸ் 10இன் பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. 2021இல் வந்த விண்டோஸ் 11, 4 ஜிபி நினைவகத்தோடு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியையும் கேட்கிறது. பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய கணனிகள் அநேகமாக இந்தத் தகுதியைப் பெறுவதில்லை. கணனி பழுதல்ல, நிபந்தனைதான் மாறியிருக்கிறது.

அத்தகைய கணனிகளுக்கு லினக்ஸ் நல்ல வழி. அதற்குக் கட்டணமில்லை. லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சீஈ பதிப்பு 2 ஜிபி நினைவகத்திலும் இயங்கும். 4 ஜிபி இருந்தால் வசதி. கடிதம், கணக்கு, இணையம் ஆகிய சங்க வேலைகளுக்கு அது போதும். 2006இல் வெளிவந்த கோர் 2 டுவோ முதற்கொண்டு பெரும்பாலான மேசைக் கணனிகள் 64 பிட் வகையானவை. அதற்கும் முந்திய 32 பிட் கணனிகளுக்கு வழி சுருங்கிவிட்டது. 2025இல் வந்த டெபியன் 13 அவற்றுக்கான நிறுவியைக் கைவிட்டது. அத்தகைய கணனியிலிருந்து ஏடுகளை எடுத்துவிட்டு அதற்கு ஓய்வு கொடுப்பதே அறிவுடைமை.

தமிழ் எழுத்து மறைந்துபோனால்

எல்லாம் சரியாகி, பழைய அறிக்கையைத் திறந்தால் தமிழைக் காணோம். 'அம்மா' என்று இருக்கவேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகள் நிற்கின்றன. கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்துவிடாதீர்கள்! நம் நாட்டில் நீண்ட காலம் தமிழ் ஆவணங்கள் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சுச் செய்யப்பட்டன. இயங்குதளத்தை மாற்றும்போது அந்த எழுத்துரு போய்விடுகிறது. எழுதியது அப்படியே இருக்கிறது. பாமினியை மீண்டும் நிறுவினால் தமிழ் திரும்பிவரும். ஆகவே பிரதி எடுக்கும்போது விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள 'ஃபொன்ட்ஸ்' என்பதையும் சேர்த்து எடுங்கள். பின்னர் ஆறுதலாக முக்கிய ஆவணங்களை யுனிகோட்டுக்கு மாற்றிவிட்டால், எந்தக் கணனியிலும் கைத்தொலைபேசியிலும் அவற்றை வாசிக்கலாம்.

கடைக்குக் கொண்டுசெல்லும் முன்

நம்மால் முடியாதபோது திருத்துபவரிடம் கொடுப்பதில் குறைவில்லை. ஆனால் 'சரிசெய்து தாருங்கள்' என்று மட்டும் சொன்னால், அவர் விரைவான வழியாக ஃபோர்மட் செய்யக்கூடும். ஒரு தாளில் மூன்று விடயங்களை எழுதிக் கணனியின் மேல் ஒட்டுங்கள்: உள்ளே கோப்புகள் உண்டு, கேட்காமல் ஃபோர்மட் செய்யவேண்டாம், கழற்றும் பழைய வன்தட்டைத் திருப்பித் தரவேண்டும். இதற்கு அவர் உடன்படாவிட்டால் வன்தட்டை நீங்களே கழற்றி வைத்துக்கொண்டு கணனியை மட்டும் கொடுக்கலாம்.

கணனி எழும்பிய அன்றே சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுங்கள். முக்கிய ஏடுகளுக்கு மூன்று பிரதிகள் இருக்கட்டும். ஒன்று கணனியில், ஒன்று வெளி வன்தட்டில், ஒன்று வேறொரு கிராமத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் அல்லது இணையச் சேமிப்பில். காணி உறுதி, அனுமதிப்பத்திரம் ஆகியவற்றின் அசல் தாள்களை எக்காரணம் கொண்டும் வீசவேண்டாம். கணனிப் படம் அசலுக்கு ஈடாகாது. ஒவ்வொரு போகத்தின் முடிவிலும் கணக்கு முடிக்கும்போது பிரதிகளையும் புதுப்பித்து, திறந்து பார்த்து, திகதியிட்டுச் செயலாளர் கையொப்பமிடட்டும். அதன் பின் இயந்திரம் எத்தனை தடவை நின்றாலும் சங்கத்தின் வேலை நிற்காது.