ஜப்பான்காரர் வீட்டுக்கு என்ன கொண்டுபோவது?

கோடை விடுமுறையில் பிள்ளையை ஜப்பானுக்கு அனுப்பும் வீடுகளில் பாஸ்போர்ட், டிக்கெட் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஒரு கேள்வி வரும். இரண்டு வாரம் சோறு போட்டுத் தங்கவைக்கப்போகும் குடும்பத்துக்கு என்ன கொடுப்பது? சின்ன விஷயம்தான். ஆனால் இதற்காக அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் இழுப்பதை இங்கே சான் ரமோனில் பார்த்திருக்கிறேன். வெள்ளிக் குங்குமச்சிமிழ் என்பார் ஒருவர். காஸ்ட்கோவில் பெரிய சாக்லேட் டப்பா ஒன்று போதும் என்பார் இன்னொருவர். "அமேசான் கிஃப்ட் கார்டு கொடுத்துட்டா அவங்களே வாங்கிப்பாங்களே!" என்பது பிள்ளையின் யோசனை. அமெரிக்க அமேசான் கார்டு ஜப்பான் அமேசானில் செல்லாது என்பது தனிக்கதை.

வளைகுடாப் பகுதிக்கு இந்தப் போக்குவரத்து புதிதல்ல. 1956இல் அதிபர் ஐசன்ஹோவர், அரசாங்கங்கள் பேசினால் மட்டும் போதாது, மக்களும் பழக வேண்டும் என்று ஒரு முயற்சியைத் தொடங்கினார். சகோதர நகரத் திட்டம் அதிலிருந்து வளர்ந்தது. அடுத்த ஆண்டே, 1957இல், சான் ஹோசேயும் ஒகயாமாவும் கைகோத்தன. கான்கார்டுக்குக் கிடகாமி, ஃப்ரீமான்ட்டுக்கு ஃபுகாயா, லிவர்மோருக்கு யோட்சுகைடோ என்று நம் அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் ஜப்பானில் ஒரு சொந்தம் இருக்கிறது. இந்தத் திட்டம் மூலமாகவோ பள்ளி மூலமாகவோ போகும் பிள்ளைகளில் இப்போது நம் பிள்ளைகளும் உண்டு.

அவர்கள் கணக்கும் நம் கணக்கும்

ஜப்பானில் ஒரு வீட்டுக்குப் போகும்போது கையில் எடுத்துப்போவதற்கு 'தெமியாகே' என்று பெயர். வெளியூர் போய்த் திரும்பும்போது வாங்கி வருவது 'ஒமியாகே'. பரிசைப் பையிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் நீட்டி, "இது ஒன்றும் பெரிய பொருளில்லை" என்ற அர்த்தத்தில் ஒரு வாக்கியம் சொல்வது பழைய வழக்கம். நான்கு என்ற எண் சாவையும், ஒன்பது துன்பத்தையும் குறிக்கும் சொற்கள்போல் ஒலிப்பதால் அந்த எண்ணிக்கையில் கொடுக்க மாட்டார்கள். கத்தி, கத்தரிக்கோல் கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. வாங்கியவர் உடனே பிரித்துப் பார்க்காமல் ஓரமாக வைத்துவிடலாம். பிடிக்கவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை; கொடுத்தவர் முன்னால் அவசரப்படக் கூடாது என்ற மரியாதை அது. பிறகு, வாங்கியதற்கு ஈடாக ஏதாவது திருப்பித் தருவார்கள். அதற்கு 'ஒகாயெஷி' என்று பெயர்.

இதெல்லாம் ஏதோ தூர தேசத்து வினோதம் மாதிரி இருக்கிறதா? நம்ம ஊர்ப் பாட்டிகளிடம் சொல்லிப் பாருங்கள், "இதுல என்னடா புதுசு?" என்பார்கள். குழந்தை இருக்கிற வீட்டுக்கு, பெரியவங்க இருக்கிற வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டு போகக் கூடாது. மொய் எழுதினால் 101, 501. ஊசியைக் கையில் கொடுக்க மாட்டோம். பக்கத்து வீட்டிலிருந்து பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்காமல், கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவோம். மொய் நோட்டு என்பதே திருப்பிச் செய்வதற்கான கணக்குதானே!

இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்குத்தான் இது அந்நியம். அவர்கள் பார்த்து வளர்ந்தது வேறு முறை. வேண்டியதைப் பட்டியல் போட்டு அனுப்புவார்கள். பிடிக்காவிட்டால் கடையில் மாற்றிக்கொள்ள பரிசுக்குள்ளேயே ரசீது இருக்கும். அது வசதியான முறைதான், குறை சொல்லவில்லை. ஆனால், கொடுப்பவர் யார் என்பதற்கு அதில் வேலையே இல்லை. ஜப்பானிய வீட்டிலோ அதுதான் முதல் கேள்வி: நீ எங்கிருந்து வருகிறாய், உன் ஊரில் என்ன விசேஷம்?

விலை வேண்டாம், கதை வேண்டும்

நம்மவர்களுக்கு 'கௌரவமாகச் செய்யணும்' என்ற எண்ணம் அதிகம். வெள்ளியும் பட்டும் கொடுத்தால் அந்த வீட்டார் சந்தோஷப்படுவதைவிடச் சங்கடப்படுவதே அதிகம் இருக்கும். அந்த விலைக்கு ஈடாக எதைத் திருப்பித் தருவது என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். பெரிய டப்பாவும் வேண்டாம். சிறியதாக, ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுற்றியதாக இருந்தால் அவர்கள் அலுவலகத்திலும் பக்கத்து வீட்டிலும் பகிர்ந்துகொள்ள வசதி. 1852 முதல் சான் பிரான்சிஸ்கோ பெயர் சொல்லும் கிரார்டெல்லி சாக்லேட்டும், கலிஃபோர்னியா பாதாமும் நல்ல தேர்வுகள். ஜூலை வெயிலில் சாக்லேட் உருகும், கவனம். பீஃப் ஜெர்க்கி போன்ற இறைச்சிப் பொருட்களை ஆய்வுச் சான்றிதழ் இல்லாமல் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. பழங்களுக்கும் சான்றிதழ் வேண்டும். மாம்பழ ஆசையை விட்டுவிடுங்கள்.

இதோடு நம்முடையது என்று ஒன்று வைக்க வேண்டுமானால், என் தேர்வு தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை. அடிப்பாகம் உருண்டையாக, கனமாக இருப்பதால் புவியீர்ப்பு மையம் கீழேயே நிற்கிறது. எந்தப் பக்கம் தள்ளினாலும் எழுந்துவிடும். ஜப்பானில் இதற்கு ஒரு பங்காளி உண்டு: தருமா பொம்மை. குன்மா மாவட்டத்தின் தகசாகி அதற்குப் பேர்போன ஊர். ஏதாவது ஒன்றை வேண்டிக்கொண்டு ஒரு கண்ணை வரைவார்கள். நிறைவேறியதும் மறு கண். 'ஏழு முறை விழுந்தாலும் எட்டாவது முறை எழு' என்ற பழமொழியோடு சேர்த்துத்தான் அதைப் பேசுவார்கள்.

தருமா என்பது போதிதர்மர். 2011இல் வந்த 'ஏழாம் அறிவு' படத்துக்குப் பிறகு, "அவர் எங்க காஞ்சிபுரத்துக்காரர்" என்று சொல்லிவிட்டுத்தான் நாம் அடுத்த வேலையைப் பார்க்கிறோம். பழைய சீன நூல்களில் ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது; இன்னொன்று தென்னிந்திய அரசனின் மூன்றாவது மகன் என்கிறது. காஞ்சிபுரம் என்பது மரபாக வரும் செய்தி. பிள்ளையிடம் இதை அப்படியே சொல்லிக்கொடுங்கள். விருந்துக்குப் போன வீட்டில் உரிமை கொண்டாடுவதைவிட, "எங்க தாத்தா ஊர்லயும் விழுந்தா எழுந்திருக்கிற பொம்மை ஒண்ணு இருக்கு" என்று மேசைமேல் வைத்துத் தட்டிவிடுவது எவ்வளவோ மேல். அதற்கு மொழியே தேவையில்லை.

"தஞ்சாவூரை நானே ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கேன், அதை எப்படி என் ஊர்னு கொடுக்கிறது?" என்று பிள்ளை கேட்கலாம். நியாயமான கேள்வி. அதட்டி அடக்க வேண்டாம். தன் ஜன்னலில் தினமும் தெரிகிற 3,849 அடி டயாப்லோ மலையின் படத்தைக் கொண்டுபோகிறேன் என்றால், அதுவும் உண்மையான பரிசுதான். அவளே எடுத்த படம் என்றால் இன்னும் நல்லது. இரண்டையும் ஒரே பையில் வைக்கலாம். நம் பிள்ளைகளின் வாழ்க்கையே அப்படித்தானே இருக்கிறது? எதை எடுத்துப்போனாலும், அதைப் பற்றி நான்கு வாக்கியம் அவளால் சொந்தமாகச் சொல்ல முடிய வேண்டும். அம்மா பெட்டியில் திணித்த, தனக்கே பெயர் தெரியாத பொருளை நீட்டினால், கூரியர்காரர் பார்சல் கொடுப்பதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

ஊருக்குப் போகிறவர்களிடம் இப்போதே சொல்லிவைத்தால் பொம்மை வந்து சேரும். வர்ணம் உதிராமல் துணியில் சுற்றிக் கைப்பையிலேயே வையுங்கள். பெரிய பெட்டியில் கொஞ்சம் இடம் விட்டு அனுப்புங்கள். அந்த வீட்டார் அவளை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப மாட்டார்கள்.