சிறு காயம், பெரிய பில்: அவசரப் பிரிவுக்குப் போகுமுன் வணிகர் அறிய வேண்டியவை

கடைத்தெருவில் காயம் என்பது தினசரிச் சங்கதி. ஷட்டரை இழுத்துச் சாத்தும்போது விரல் நசுங்குகிறது. எண்ணெய் டின்னைத் திறக்கும்போது தகரம் உள்ளங்கையைக் கிழிக்கிறது. மூட்டையில் மாட்டிய கொக்கி நழுவிச் சுமை தூக்குபவரின் முழங்காலில் பாய்கிறது. பாத்திரக் கடையில் ஏணி சறுக்குகிறது. கீழவாசலிலிருந்து கும்பகோணம் வரை, இந்த அனுபவம் இல்லாத கடையே இருக்க முடியாது. பகலில் நடந்தால் பக்கத்துத் தெரு மருத்துவரிடம் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். இரவில் நடந்தால்தான் சிக்கல். பதற்றத்தில் ஆட்டோவைப் பிடித்து, விளக்கு எரியும் முதல் தனியார் மருத்துவமனைக்குள் நுழைந்துவிடுகிறோம். வெளியே வரும்போது கையில் இருக்கும் பில் காயத்தை விட அதிகமாக வலிக்கிறது.

தீபாவளி வியாபாரம் முடிந்து கடை சாத்துகிற நேரத்தில் எங்கள் கடையில் வேலை பார்க்கும் தம்பிக்குத் தகரம் வெட்டியது. உள்ளங்கையில் நான்கு தையல். பில் 7,350 ரூபாய். பதிவும் இரவு மருத்துவர் கட்டணமும் 900, தையல் அறைக்கு 1,500, நூல், கையுறை, ஊசி மருந்து 1,450, எக்ஸ்ரே 600, இரத்தப் பரிசோதனை 1,100, நான்கு மணி நேரம் கட்டிலில் வைத்துப் பார்த்ததற்கு 1,800. அடுத்த வாரம் தையல் பிரித்தது தெரு மருத்துவரிடம். அங்கே 150 ரூபாய்தான்.

பணத்தைக் கடைதான் கொடுத்தது. ஆனால் அந்தத் தம்பி, "சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள், முதலாளி" என்று இரண்டு முறை சொன்னார். வேண்டாம் என்று சொன்னதை அவர் நம்பவில்லை போலும். மூன்று மாதம் கழித்து, குடோனில் பழைய பெட்டியின் ஆணி காலில் ஏறியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான்காம் நாள் கால் வீங்கிக் காய்ச்சலுடன் வந்து நின்றார். அரசு மருத்துவமனையில் ஒன்பது நாள் படுக்க வேண்டியதாயிற்று. பில்லுக்குப் பயந்து காயத்தை மறைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

ஏன் இவ்வளவு ஆகிறது?

மருத்துவமனைகள் எல்லாம் கொள்ளையடிக்கின்றன என்று சொல்லிவிடுவது எளிது. கணக்குத் தெரிந்த நாம் அப்படிச் சொல்லக்கூடாது. அவசரப் பிரிவு என்பது இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் கடை. நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் மருத்துவர், செவிலியர், எக்ஸ்ரே எடுப்பவர், மருந்தாளுநர் எல்லோரும் விழித்திருக்க வேண்டும். ஆக்சிஜன், மின்னாக்கி, கருவிகள் எந்நேரமும் தயாராக இருக்க வேண்டும். மாரடைப்புக்கும் பெரிய விபத்துக்கும் ஏற்பட்ட அந்த ஏற்பாட்டின் செலவு, விரலில் ஒரு தையல் போட வந்தவரின் பில்லிலும் ஏறுகிறது. பெரிய லாரியை வாடகைக்குப் பிடித்து ஒரு படி அரிசியை அனுப்பினால் வாடகை குறையுமா?

இரண்டாவது காரணம் பயம். காயத்தைப் பார்க்கும் இளம் மருத்துவர் எதையும் தவறவிடக்கூடாது என்று எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை, சில சமயம் ஸ்கேன் வரை எழுதுகிறார். சிலது தேவை, சிலது பின்னால் வழக்கு வந்துவிடுமோ என்ற முன்னெச்சரிக்கை. மூன்றாவது, நம்முடைய பதற்றம். ஒரு கிலோ பருப்புக்கு மூன்று கடையில் விலை கேட்கும் நாம், அங்கே எதையும் கேட்பதில்லை.

இது நம்மூருக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்காவில் வைத்தியத்துக்குத் தனியாகவும், அவசரப் பிரிவுக்குள் காலெடுத்து வைத்ததற்குத் தனியாகவும் கட்டணம் போடுகிறார்கள். சிறு காயத்துக்குக்கூட மலைக்க வைக்கும் பில் வருவது அங்கே பெரிய பொதுப் பிரச்சினை. எதிர்பாராத சில வகை மருத்துவ பில்களைத் தடுக்க அங்கே போட்ட சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் வேறு வழி கண்டார்கள். வெட்டு, சுளுக்கு, சிறு எலும்பு முறிவு ஆகியவற்றுக்கென்றே சிறுகாயப் பிரிவுகளைத் தனியாக வைத்து, பெரிய அவசரப் பிரிவின் கூட்டத்தைக் குறைக்கிறார்கள். சிறு காயத்துக்குச் சிறிய இடம் என்ற அந்தக் கொள்கை நமக்கும் பொருந்தும்.

எந்தக் காயத்துக்கு எங்கே போவது?

முதலில் சிக்கனம் பார்க்கக்கூடாதவற்றைச் சொல்லிவிடுகிறோம். தலையில் அடிபட்டு வாந்தி, மயக்கம், தூக்கக் கலக்கம் இருந்தால், பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தும் இரத்தம் நிற்காவிட்டால், விரல் மரத்துப் போனாலோ மடங்காவிட்டாலோ, எலும்பு கோணினாலோ வெளியே தெரிந்தாலோ, கண்ணில் அடிபட்டால், மார்பு, வயிறு, கழுத்தில் குத்துக்காயம் என்றால், முகத்திலோ கையிலோ பெரிய தீக்காயம் என்றால், பில்லைப் பற்றி யோசிக்காமல் 108க்குத் தொலைபேசி செய்யுங்கள். 2008 முதல் தமிழகத்தில் ஓடும் அந்த ஆம்புலன்சுக்குக் கட்டணம் இல்லை.

அரிசி மண்டியிலும் நெல் குடோனிலும் சாக்கடுக்கின் இடுக்கில் பாம்பு கிடப்பது டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடித்த இடத்தைக் கீறுவதும், கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், கையையோ காலையோ அசைக்காமல், விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேரே கொண்டு செல்ல வேண்டும். நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம்.

மற்ற வெட்டு, சிராய்ப்பு, சுளுக்கு எல்லாம் சிறு காயம். சுத்தமான துணியை வைத்து அழுத்தி இரத்தத்தை நிறுத்துங்கள். பிறகு சோப்பும் தண்ணீரும் போதும். காப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதையும் வைக்காதீர்கள். கழுவித் தையல் போட வேண்டிய மருத்துவருக்கு அதை எடுப்பதே பாதி வேலையாகிவிடும். வாய் பிளந்த வெட்டுக்கு அன்றைக்கே, சில மணி நேரத்துக்குள், தையல் போட்டுவிட வேண்டும். மருத்துவப் பட்டம் இல்லாதவரிடம் மலிவாகத் தையல் போட்டுக்கொள்வது மலிவே அன்று. உள்ளே நரம்பு அறுந்திருந்தால் அவருக்குத் தெரியாது.

தடுப்பூசி விஷயத்திலும் ஒரு விளக்கம் தேவை. இரணஜன்னிக் கிருமி துருவில் பிறப்பதன்று; மண்ணிலும் சாணத்திலும் இருப்பது. முழுத் தவணையும் முன்பே போட்டவருக்கு, சுத்தமான சிறு காயமானால் பத்தாண்டுக்கு ஒரு முறையும், அழுக்கான அல்லது ஆழமான காயமானால் கடைசி ஊசி போட்டு ஐந்தாண்டு கடந்திருந்தாலும் ஊசி போடுவது பொதுவான முறை. விலை மிகக் குறைந்த ஊசி அது. கடைசியாக எப்போது போட்டோம் என்பதை எழுதி வைத்திருப்பவர் குறைவு. அதனால் சிலர் ஆண்டுக்கு மூன்று முறை போட்டுக்கொள்கிறார்கள். சிலர் இருபதாண்டாகப் போடவே இல்லை.

தஞ்சையில் இரவு பகல் எந்நேரமும் தையல் போடும் இடம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1959இல் தொடங்கிய கல்லூரி அது. மிராசுதார்களின் கொடையால் எழுந்த பழைய இராசா மிராசுதார் மருத்துவமனை இப்போது முக்கியமாக மகப்பேற்றுக்கு உரியது. காயத்துக்கு அங்கே ஓடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கும்பகோணம், பட்டுக்கோட்டை, பாபநாசம், ஒரத்தநாடு, திருவையாறு ஆகிய ஊர்களிலும் அரசு மருத்துவமனைகள் உண்டு. காத்திருக்க வேண்டியிருக்கும் என்பது உண்மை. ஆனால் தையலுக்கும் மருந்துக்கும் பில் வராது. பகலில் என்றால் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமே போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

உயிருக்கு ஆபத்தான நிலையில் வந்தவருக்குப் போலீஸ் சடங்குகளுக்காகக் காத்திராமல் சிகிச்சை தர வேண்டியது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு மருத்துவமனை அவசர சிகிச்சையை மறுப்பது உயிர் வாழும் உரிமையை மறுப்பதாகும் என்று 1996இல் மேற்கு வங்க வழக்கு ஒன்றில் கூறியது. கட்டணத்துக்குச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்பது 1995 தீர்ப்பு. ஆகவே அநியாய பில் வந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள், சிகிச்சை தொடங்குமுன் கட்டணத்தைச் சொல்ல வேண்டும் என்கின்றன. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவேடுகளைத் தர வேண்டும் என்றும் சொல்கின்றன. "டாக்டர், மொத்தம் எவ்வளவு ஆகும்? இந்த எக்ஸ்ரே இப்போதே தேவையா, காலையில் எடுக்கலாமா?" என்று மரியாதையாகக் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. வகைவாரியாக விவரம் உள்ள பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

யார் கொடுப்பது?

சாலை விபத்தானால் வழி இருக்கிறது. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளும் இதில் அடக்கம். அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்ற கேள்வி இல்லை. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு உட்பட்டு, கையில் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். ஆனால் கடைக்குள் ஏணியிலிருந்து விழுந்தவருக்கு இவை பொருந்தா.

மருத்துவக் காப்பீடு எடுத்திருக்கிறோமே என்று சிலர் கேட்கலாம். பெரும்பாலான பாலிசிகள் 24 மணி நேரம் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். நான்கு தையலுக்கு எதுவும் வராது. அதற்காக வேண்டுமென்றே ஒரு நாள் படுத்துப் பில்லை ஏற்றிக்கொள்வது தவறு. பிற்பாடு பிரீமியம் ஏறும்போது நாம் எல்லோரும் சேர்ந்துதான் கட்டுகிறோம்.

வேலையில் ஏற்பட்ட காயத்துக்குப் பொறுப்பு நம்முடையது. 1923ஆம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டத்தில் 2009இல் செய்த திருத்தம், வேலையின்போது பட்ட காயத்துக்கு ஆன மருத்துவச் செலவு முழுவதையும் முதலாளி தர வேண்டும் என்று ஆக்கியது. அதற்குப் பின் வந்த 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பொறுப்பு தொடர்கிறது. சம்பளத்தில் பிடிப்பது தருமமும் அன்று, சட்டமும் அன்று. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையானால் ஈ.எஸ்.ஐ.யில் பதிவு செய்துவிடுங்கள். 2019 முதல் முதலாளி பங்கு நூற்றுக்கு 3.25, தொழிலாளி பங்கு 0.75 என்று குறைக்கப்பட்டது. மாதம் 15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு நாம் கட்டுவது 487 ரூபாய் 50 காசு. எங்கள் கடையின் அந்த ஒரு இரவு பில், பதினைந்து மாதச் சந்தாவுக்குச் சமம்.

கடையில் செய்ய வேண்டியவை

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முதலுதவிப் பெட்டி இருக்கட்டும். சுத்தமான பஞ்சுத் துணி, கட்டுத் துணி, ஒட்டும் பிளாஸ்திரி, கையுறை, கத்தரிக்கோல், சோப்பு, இவ்வளவே போதும். பக்கத்தில் ஓர் அட்டையில் 108, அருகில் உள்ள அரசு மருத்துவமனை, இரவு ஒன்பது மணிக்கு மேலும் பார்க்கும் தெரு மருத்துவர் ஆகியோரின் எண்களை எழுதி மாட்டுங்கள். ஒவ்வோர் ஊழியரும் கடைசியாக இரணஜன்னி ஊசி போட்ட தேதியைச் சம்பளப் பதிவேட்டிலேயே குறித்து வையுங்கள். கடைக்கு ஒருவராவது செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புகளிடம் முதலுதவிப் பயிற்சி பெறட்டும்.

நம் சங்கமும் ஒரு காரியம் செய்யலாம். தெருவுக்கு ஒருவர் பொறுப்பேற்று, இரவில் சிறு காயம் பார்க்கும் மருத்துவர்களிடம் தையல், கட்டு, ஊசி ஆகியவற்றின் கட்டணத்தை முன்கூட்டியே கேட்டுப் பட்டியலாக்கிக் கடைகளுக்குக் கொடுக்கலாம். மொத்தக் கொள்முதலில் விலை பேசத் தெரிந்த நமக்கு இது கடினமன்று.

எல்லாவற்றுக்கும் மேலாக, கடையில் வேலை செய்பவர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: "சின்னக் காயமானாலும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும், செலவு கடையுடையது." வாயால் சொல்லாமல் மனத்துக்குள் வைத்திருந்தால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? முன்பே நன்றாகச் சொல்லியிருந்தால், எங்கள் தம்பி ஒன்பது நாள் படுத்திருக்க மாட்டார். உறுப்பினர்கள் இதை இந்த வாரமே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.